சங்கு ஊதாத மதியம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். தும்மல் மட்டும் விட்டபாடில்லை. உன் தொண்டைக்கட்டு சரியாயிற்றா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் பாதியிலேயே சண்டை வந்துவிடுகிறது, கடிதமே போடு என்று நீதான் சொன்னாய். நல்லதாகப் போயிற்று. இங்கே ஆய்வகம் நிலவறையில் இருக்கிறது. உள்ளே போனை எடுத்துப்போக விடமாட்டார்கள். நாற்காலியை இழுத்தால்கூட ‘ஷ்’ என்று யாராவது அதட்டுவார்கள்.

“அப்படி என்னதான் வெட்டி முறிக்கிறான் உன் தம்பி?” என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாயே, சொல்கிறேன், கேள். ஒரு கண்ணாடித் துகள். தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்கு இருக்கும். இரண்டு பக்கமிருந்தும் லேசர் ஒளியைப் பாய்ச்சி அதை அந்தரத்தில் நிறுத்தி வைக்கிறோம். நூலும் இல்லை, ஊசியும் இல்லை, ஒளிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நுண்ணோக்கி வழியே பார்த்தால் ஒரு பச்சைப் பொட்டு நடுங்கிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்திருக்கிற அதே ஒளி அதிலிருந்து எலக்ட்ரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கிறது. மின்னேற்றம் கூடிக்கொண்டே போகிறது. திடீரென்று, யாரும் தொடாமலே, கொஞ்சத்தை உதறிவிடுகிறது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது.

மின்னல் எப்படித் தொடங்குகிறது என்பதும் யாருக்கும் சரியாகத் தெரியாது அக்கா. மேகத்துக்குள் பலூன் விட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற மின்புலம் காற்றைப் பிளக்கப் போதாது. ஆனாலும் மின்னுகிறது. மேகத்துக்குள் இருக்கும் பனித்துகளும் என் துகளைப் போலத்தான் உதறித் தொடங்கி வைக்கிறதோ என்பது என் கேள்வி.

எங்கள் தலைவரைப் பெரியவர் என்போம். வேதியியல் பார்க்கிறவளுக்கு ‘அமிலம்’ என்று பெயர். அவள் வாயைக் கேட்டால் நீயே அந்தப் பெயர்தான் வைப்பாய். நான் இந்த வித்தையை ஒரு சின்னக் கருவியாக்கியிருக்கிறேன். வெளிக்காற்றை உறிஞ்சி, அதிலிருக்கும் தூசியை ஒளியில் பிடித்து, மின்னல் வருமா என்று முன்கூட்டியே சொல்லும். அதை ஒரு திறந்த வெளியில் வைத்துப் பார்க்க வேண்டும். உன் கன்டெய்னர் யார்டைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? உன் மேலாளரிடம் கொஞ்சம் பேசேன். உன் பேச்சை அவர் தட்டமாட்டார்.

அம்மாவை நடக்கச் சொல். நீ வெந்நீர் குடி.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்கு இன்னொரு கடிதம் போடு. என் தொண்டை பரவாயில்லை. உன் தும்மலுக்கு அந்த நிலவறைதான் காரணம், வெயிலில் கொஞ்சம் நில்.

ஒளியால் துகளைப் பிடிக்கிறாயாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சின்னதில ஒரு டம்ளர ஒழுங்கா பிடிக்கத் தெரியாது இவனுக்கு” என்று சிரித்தாள்.

மேலாளரிடம் பேசினேன். என் பேச்சைத் தட்டமாட்டாரா, நல்ல கதை! நான் வாயைத் திறந்தாலே அவருக்குத் தலைவலி. என் வேலை அப்படி. என் அறையில் இருக்கிற பழைய மின்னல் எச்சரிக்கைப் பெட்டியின் முள் சிவப்புக்குப் போனால் நான் சங்கு ஊத வேண்டும். ஊதினால் யார்டு முழுவதும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். கிரேன் நிற்கும், ஆட்கள் கொட்டகைக்குள் ஓடுவார்கள், கடைசி இடிச் சத்தம் அடங்கி வெகுநேரம் ஆகும்வரை ஒருவரும் வெளியே வரக்கூடாது. பல நாள் ஒரு பொட்டு மின்னல்கூட விழாது. சும்மா உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. அந்தக் கோபம் முழுக்க என் தலையில்தான் விடியும். எனக்கு ‘சங்கக்கா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிலும் ஒட்டகம் இருக்கிறாரே! கன்டெய்னர்மேல் ஏறி நின்று கிரேன் கொக்கியை மாட்டுகிறவர், எங்கள் மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர். கழுத்தே ஒரு முழம் இருக்கும். நேற்று என் ஜன்னலுக்குக் கீழே நின்று, “சங்கக்கா, வானத்துல காக்கா பறந்தாலும் ஊதுவீங்களா?” என்றார். “உங்க தலை மேல மட்டும் பறந்தா ஊதமாட்டேன்” என்றேன். யார்டே சிரித்தது.

உன் கருவி பொய்ச் சங்கைக் குறைக்கும் என்று சொன்னதும் மேலாளர் சரி என்றுவிட்டார். சோதனைக்கு மட்டும்தான், பழைய பெட்டி அது பாட்டுக்கு ஓடட்டும் என்றார். கொண்டு வா. இரண்டு நாளாவது தங்கிவிட்டுப் போ.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அம்மாவின் முகம்தான். இளைத்துவிட்டாள், நீ கவனிப்பதில்லை என்று எழுதினால் அடிக்க வருவாய், அதனால் எழுதவில்லை. உன் கண் சிவந்திருந்ததே, மருந்து போட்டாயா?

கூரைமேல் கருவியைப் பொருத்திய அன்று உன் ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தது எனக்குப் பட்டம் வாங்கிய நாளைவிடப் பெருமையாக இருந்தது. ஒட்டகம் என் தோளில் தட்டி, “தம்பி, எங்கள சங்கக்கா கிட்டயிருந்து காப்பாத்துங்க” என்றாரே, அதைப் பெரியவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் அறையில் வைத்திருக்கிற பச்சை விளக்கு எரிந்தால் பயமில்லை. சிவப்பு எரிந்தால் மின்னல் அருகில். அவ்வளவுதான், வேறெதையும் தொடாதே.

அமிலம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். “உங்க லேப் துகள் குளிச்சிட்டு வந்த துகள். அந்த யார்டுல உர மூட்டை அடுக்கியிருக்காங்க. உப்புத் தூசி ஈரத்தை இழுக்கும். ஈரம் படிஞ்ச துகள் சத்தமே போடாம மின்னேற்றத்தைக் கசிய விட்டுடும். உங்க கருவி எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டே இருக்கும்” என்கிறாள். எதிலாவது ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

எனக்கு வேறு கவலை. நீ எழுதியதைப் படித்தபோது உறைக்கவில்லை, நேரில் பார்த்தபோதுதான் உறைத்தது. சங்கு ஊதியதும் மெயினை இறக்குகிறார்கள். அதோடு என் கருவியும் செத்துவிடுகிறது. மேகம் வருகிற நேரத்தில்தான் எனக்குப் பதிவு வேண்டும், அந்த நேரத்தில்தான் அது கண்ணை மூடிக்கொள்கிறது. பார்ப்போம். ஒரு விஷயம், உன்னிடம் போனில் பேச வேண்டும்.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கண்ணுக்கு மருந்து போட்டேன், சரியாகிவிட்டது. நீ போனதிலிருந்து அம்மா உன் தட்டை எடுத்து வைக்கவில்லை. இரவு சாப்பிடும்போது அது எதிரே வெறுமனே கிடக்கிறது.

இந்த வாரம் பழைய பெட்டி படுத்தி எடுத்துவிட்டது. தினமும் மதியத்துக்குமேல் முள் சிவப்புக்குப் போகிறது. நானும் ஊதுகிறேன். மெயின் இறங்குகிறது. உன் கருவி அணைந்துவிடுகிறது. ஒரு நாள் மட்டும் தூரத்தில் மின்னல் விழுந்தது, மற்ற நாளெல்லாம் சும்மாதான். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “உங்க தம்பி கருவி என்ன சொல்லுது?” என்று கேட்டார். “நீங்க கரண்ட் குடுத்தா சொல்லும்” என்றேன். பேட்டரி போடலாமே என்றார், லேசருக்குப் பேட்டரி தாங்காது என்று நீ சொன்னதைச் சொன்னேன்.

சங்கால் கூலி குறைந்ததால் ஆட்கள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒட்டகத்தின் மனைவி மட்டும் படியில் பார்த்தால் சிரிக்கிறாள். தையல் கடையில் வேலை செய்கிறாள், அம்மாவுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தாள்.

போனில் பேச வேண்டும் என்று எழுதியிருந்தாயே, என்ன விஷயம்? சங்கு அறையின் எண் உன்னிடம் இருக்கிறது. சண்டை போடமாட்டேன், கூப்பிடு.

அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், மன்னித்துவிடு. தும்மல் போய் இருமல் வந்திருக்கிறது. நீயும் அம்மாவும் நலம்தானே?

உன் குரலைப் போனில் கேட்டது மனதுக்கு இதமாக இருந்தது. சண்டை போடாமல் வைத்துவிட்டோம், ஆச்சரியம்தான். நீ ஒத்துக்கொண்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஜூனில் பெரிய மாநாடு இருக்கிறது. அறுபடாத பதிவு கையில் இருந்தால் பெரியவர் என்னையே மேடையேற்றுவார். இல்லாவிட்டால் அடுத்த வருடம் இந்த இடம் எனக்கு இருக்குமோ இருக்காதோ.

அம்மாவிடம் என் தட்டை எடுத்து வைக்கச் சொல். சீக்கிரம் வருவேன்.

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

இருமலை வளர்த்துக்கொண்டே போகாதே, மருத்துவரைப் பார். அம்மாவுக்கு முழங்காலில் வீக்கம் வற்றியிருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தூக்கம்தான் சரியில்லை.

நீ போனில் சொன்னபடியே செய்துவிட்டேன். பழைய பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டேன். மேலாளரிடம் சொல்லவில்லை, அதுவும் நீ சொன்னதுதான். “சில வாரத்துக்குத்தான்க்கா, என்னுது பாத்துக்கும், என்னை நம்பு” என்றாயே, அதை நினைத்துக்கொண்டுதான் கையை வைத்தேன். இத்தனை வருடத்தில் அந்த முள் அசையாமல் படுத்திருந்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் சங்கு ஊதவே இல்லை. உன் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. இரண்டு தடவை வானம் கறுத்து, காற்றடித்து, ஒன்றுமில்லாமல் கலைந்தது. ஆட்களுக்குக் கொண்டாட்டம். என் அறைக் கதவு பல மாதமாகத் தரையில் உராயும், ஒட்டகம் வந்து அதைச் சீவிச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். “சங்கக்கா திருந்திட்டாங்கப்பா” என்று ஊரெல்லாம் சொல்கிறாராம். எல்லாரும் சிரித்துப் பேசுகிறார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதில் ஆபத்தில்லைதானே? அந்த அமிலம் உரத்தூசியைப் பற்றிச் சொன்னதற்கு நீ என்ன பதில் சொன்னாய்? இங்கே மூட்டை உடைந்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. ஆபத்தில்லை என்று ஒரு வரி எழுது. உன் கையெழுத்தில் பார்த்தால் தூங்கிவிடுவேன்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இருமல் போய்விட்டது. அம்மாவின் வீக்கம் வற்றியது கேட்டு சந்தோஷம்.

கருவி தானாக அனுப்பும் பதிவுச் சுருக்கத்தைப் பார்த்துப் பெரியவர் வாயடைத்துப்போனார். ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை! இப்படிப்பட்ட பதிவு வேறு யாரிடமும் கிடையாது என்கிறார். துகளின் மின்னேற்றம் மட்டும் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக, தட்டையாக இருக்கிறது. அமிலம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், மாநாடு முடியட்டும், பிறகு உட்கார்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மேடையில் போட்டுக்கொள்ளப் புதிதாக ஒரு கோட்டு வாங்கினேன். அளவு கொஞ்சம் பெரிசு. நீ பக்கத்தில் இருந்தால் பிடித்துத் தைத்துக் கொடுத்திருப்பாய். ஒட்டகத்தாரிடம் நான் விசாரித்ததாகச் சொல். உன் கதவைச் சரிசெய்தவரைக் கௌரவிக்க வேண்டாமா?

நன்றாகத் தூங்கு அக்கா.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

அம்மா சுகம். நான் இருக்கிறேன்.

ஒட்டகம் போய்விட்டார். சென்ற செவ்வாய்க்கிழமை மதியம். யார்டின் மேல் வானம் வெளுத்துத்தான் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் கறுப்பாக இருந்தது. உன் விளக்கு பச்சை. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் கன்டெய்னர்மேல் நின்று கொக்கியை இழுத்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், உடனே சத்தம். அறை முழுக்க ஆடியது. நான் எழுந்து பார்த்தபோது கன்டெய்னர்மேல் ஆளில்லை.

கீழே ஓடுவதற்கு முன்னால் நான் ஒன்று செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. பழைய பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். முள் நேரே சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது. உன் விளக்கு அப்போதும் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அவர் மனைவியைக் கடையிலிருந்து கூட்டி வந்தார்கள். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏன்க்கா ஊதல?” என்று கேட்டாள்.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

மாநாட்டிலிருந்து திரும்பியதும்தான் உன் கடிதத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர். நீ மனதைத் தேற்றிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாவை அலையவிடாதே.

கருவிக்குள் இடது ஓரத்தில் முழுப் பதிவும் அடங்கிய, நகம் அளவு அட்டை ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி உடனே எனக்கு அனுப்பிவிடு. விசாரணைக்காரர்கள் எடுத்துப்போனால் எங்கேயோ தூசி படிந்து கிடக்கும். இப்படி நேராக ஒரு மின்னல் விழுந்ததைத் துகள் அளவில் யாரும் பதிவு செய்ததில்லை அக்கா. தப்பாக நினைக்காதே, அவருக்கு நடந்தது வீணாகப் போகக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

யார் கேட்டாலும் அது சோதனைக் கருவி என்று மட்டும் சொல். மற்றதையெல்லாம் பெரியவர் பார்த்துக்கொள்வார். விவரம் எதையும் கடிதத்தில் எழுத வேண்டாம்.

தம்பி


ஜூலை 25

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். அம்மாவும் சாப்பிடுகிறாள். நலம் விசாரித்தது போதும்.

அட்டையைக் கழற்றி விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு நடந்தது வீணாகப் போகக்கூடாது என்று எழுதியிருக்கிறாயே, எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

நடப்பதைச் சொல்கிறேன். பழைய பெட்டி அணைந்திருந்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் ஆட்களிடம் நல்ல பெயர் வாங்க அணைத்தேன் என்கிறார்கள். தூங்கிவிட்டேன் என்கிறார்கள். அதெல்லாம் போகட்டும். கீழ்வீட்டுக் கதவு நான் படியிறங்கும் சத்தம் கேட்டாலே சாத்திக்கொள்கிறது. அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. விசாரணையில் சொல்லியிருக்கிறேன், என் தம்பி போனில் சொன்னான், அதனால் அணைத்தேன் என்று. அதிகாரி நம்பவில்லை. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நீ ஒத்துக்கொண்டதில் நிம்மதி என்று இருக்கிறது. எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று ஓர் இடத்திலும் இல்லை. கெட்டிக்காரன்தான் நீ. நான் எழுதியதெல்லாம் உன்னிடம் இருக்கிறது, அதை நீ வெளியே எடுக்கவா போகிறாய்?

உங்கள் ஆய்வகத்துக்கு அதிகாரி கடிதம் போட்டிருக்கிறார். அதற்கு நீ ஒரே ஒரு வரி எழுத வேண்டும். “பழைய பெட்டியை அணைக்கச் சொன்னது நான்தான்.” அவ்வளவுதான். அதற்காக உன்னைத் தூக்கில் போடமாட்டார்கள். அணைத்தது என் கை, அதற்கான தண்டனையை நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் இஷ்டத்துக்கு அணைத்தேன் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், எழுது.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட நாளாயிற்று. காய்ச்சலில் படுத்துவிட்டேன், இப்போதுதான் எழுந்து நடமாடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால்? குளிர் தொடங்கிவிட்டால் அவளுக்கு வலிக்குமே, கம்பளி உறை வாங்கிப் போடு.

விசாரணை அதிகாரிக்கு எங்கள் தரப்பிலிருந்து பதில் போய்விட்டது. பெரியவரே வாசகத்தைச் சொல்லித் தயாரித்தது. இப்படிப்பட்ட பதில்களுக்கு என்று ஒரு மொழி இருக்கிறது அக்கா, அதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இங்கே அமிலம் வேலையை விட்டுப் போய்விட்டாள். பெரியவரோடு வாக்குவாதம். போகும்போது என்னிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. துகளின் மேல் படியும் உப்புப் படலத்தைப் பற்றி நானே தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். யார்டின் பதிவுகள்தான் அதற்கு ஆதாரம். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எனக்கு இங்கேயே நிரந்தர இடம் கிடைக்கும்போலிருக்கிறது. அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

கட்டுரையின் கடைசியில் உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் உன்னையும் சேர்க்க வேண்டும் என்று ஆசை. இந்த நேரத்தில் வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


அக்டோபர் 20

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் காய்ச்சல் குணமானது அறிந்தேன். நிரந்தர இடம் கிடைக்கவிருப்பதற்கு வாழ்த்துகள்.

விசாரணை சென்ற வாரம் முடிந்தது. தங்கள் ஆய்வகத்தின் பதிலை அதிகாரி எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. “கருவி சோதனைக்காக மட்டுமே வழங்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள எச்சரிக்கை அமைப்பை அணைக்கும்படி எங்கள் தரப்பில் எவரும், எவ்வகையிலும் கூறவில்லை. அந்தப் பணியாளர் தன்னிச்சையாக எடுத்த முடிவுக்கு ஆய்வகம் பொறுப்பாகாது.” பெரியவரின் கையெழுத்து இருக்கும் என்று நினைத்தேன். அடியில் இருந்தது தங்கள் கையெழுத்து. அந்தக் கடைசிச் சுழிப்பு எனக்குத் தெரியும். சிலேட்டில் கையைப் பிடித்து அதைப் போடப் பழக்கியது நான்.

எனக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. தம்பி சொன்னான், தம்பி சொன்னான் என்று அத்தனை பேர் முன்னால் நாலு தடவை சொல்லியிருந்தேன்.

வெளியே வராந்தாவில் ஒட்டகத்தின் மனைவி என்னிடம் வந்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

“அந்தக் கடிதம் எழுதினது உங்க சொந்தத் தம்பிதானா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“நீங்க சொன்னப்போ நான் நம்பல. தப்பிக்கறதுக்காகத் தம்பி பேரை இழுக்கறீங்கன்னு நெனச்சேன். அவர் வாசிக்கறப்போ உங்க மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். இப்ப நம்பறேன்.”

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

“நம்பறேன், அவ்வளவுதான். அதுக்காக வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க. யார் சொன்னா என்ன, சுவிட்சை அணைச்சது நீங்கதானே?”

அவள் சொன்னது சரிதான். யார் சொன்னாலும் அணைத்தது நான். அதை நான் ஒத்துக்கொண்டேன், அவள் முகத்தைப் பார்த்தே ஒத்துக்கொண்டேன். தங்களால் ஒரு வரியில் எழுத முடியாத அளவுக்கு அது அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த வீட்டைக் காலி செய்கிறோம். அந்தப் படியில் தினமும் ஏறி இறங்க என்னால் ஆகாது. புது முகவரியை எழுதப்போவதில்லை, தயவுசெய்து விசாரிக்கவும் வேண்டாம். பழைய பெட்டி மறுபடி ஓடுகிறது. வேறு ஓர் ஆள் சங்கு ஊதுகிறார். நேற்று மூட்டை கட்டும்போது கேட்டது. ஆட்கள் ஓடும் சத்தமும் கேட்டது. ஒருவரும் திட்டவில்லை.

சின்ன வயதில் இடி இடித்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய் நீ. மன்னிக்கவும், ஒளிந்துகொள்வீர்கள். பழைய பழக்கம், கை தவறி வந்துவிட்டது.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. மகனுக்குப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தட்டைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, எப்போது வருகிறான் என்று கேட்டாள். வேலை அதிகம், இப்போதைக்கு வரமாட்டான் என்றேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
அந்தப் பணியாளர்